ஆட்டுக்குட்டிக்குக் கிடைத்த தீர்ப்பு

எங்கள் கல்யாணத்தை அத்துவிட்ட நாளில் ஊர்ப் பெரியவர்கள் அதிக நேரம் பேசியது ஓர் ஆட்டைப் பற்றி.

அது என் அண்ணன் எனக்குச் சீராக ஓட்டிவிட்ட வெள்ளாடு. பஞ்சாயத்து கூடிய சமயத்தில் அது குட்டி போட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆடு பிறந்த வீட்டுச் சீர் என்பதால் எனக்கு. குட்டி என் வீட்டுக்காரர் வீட்டுத் தொழுவத்தில் பிறந்தது என்பதால் அவர்களுக்கு. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குட்டியை இப்போதே பிரிப்பதா, கொஞ்ச நாள் பொறுப்பதா என்பதுதான் வழக்கு. கோயில் வேம்புக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதில் சொல்ல ஏதோ இருந்தது.

"பால் மறக்காத குட்டியப் பிரிக்கலாமாய்யா? ரெண்டும் கத்திக் கத்தியே செத்துப் போகும்."

"அப்ப குட்டியும் ஆட்டோட போகட்டும். மேய ஆரம்பிச்சதும் கொண்டாந்து விட்டுரட்டும்."

"கொண்டாந்து விடாட்டி?"

"நாங்க எதுக்குய்யா இருக்கோம்? வாயில்லாச் சீவன். அதோட பாவத்த நாம வாங்கக் கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். குட்டி பால் மறக்கும்வரை தாயோடு இருக்கட்டும் என்று முடிவானது. அடுத்து பாத்திரம், கட்டில், பீரோ என்று பிரித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் யாரோ ஒருவர், "பிள்ளைக?" என்று கேட்டார்.

"அதுல பேச என்னய்யா இருக்கு? ஆம்பளைப் பிள்ளை அப்பனோட, பொம்பளைப் பிள்ளை ஆத்தாளோட. நம்ம வழக்கம்தான?"

அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. மகனுக்கு நாலு வயது.

பிள்ளைகளோடு பிரிய நேர்கிறவர்கள் யாராவது இதைப் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். வாய்ப் பேச்சும் எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று நான் சொல்வது ஆசிரியருக்குக் கேட்காமல், வந்திருந்தும் வராதவளாகப் பல நாள் இருந்திருக்கிறேன். பஞ்சாயத்து நாளிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெண்களோடு நின்றிருந்தேன். "என்னம்மா, சம்மதம்தான?" என்று ஒரு பெரியவர் கேட்டார். என்னைக் கேட்பதாகச் சொல்லி என் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன், "பெரியாளுக சொன்னா சரிதான்" என்றார். ஒரு துரும்பைக் கிள்ளி இரண்டாக்கிப் பாதியை என் வீட்டுக்காரர் கையிலும் பாதியை என் கையிலும் கொடுத்தார்கள். தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தேன். முடிந்துவிட்டது.

பிரிந்ததைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லப்போவதுமில்லை. லோடு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் சண்டை. அவர் பேசினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் வாயைத் திறக்காததே அவருக்கு இன்னும் கோபம் தரும். தட்டு பறக்கும். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். இப்படி இருப்பதைவிடத் தனித்தனியாக இருக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றிவிட்டது. அது எங்கள் விஷயம். பிள்ளைகளை அப்படிப் பிரிக்க இவர்கள் யார் என்பதுதான் அன்றும் இன்றும் எனக்குள் எரிகிறது.

அந்த வாரமே டவுனுக்குப் போய் முத்திரைத்தாளில் பத்திரம் எழுதினார்கள். இன்று முதல் இருவருக்கும் கணவன் மனைவி உறவு கிடையாது. ஆண் குழந்தை தகப்பன் பொறுப்பு, பெண் குழந்தை தாய் பொறுப்பு. ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் அதை மேலோட்டமாகப் பார்த்து முத்திரை குத்திக் கொடுத்தார். முத்திரையின் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் என் அண்ணன் நிம்மதியாக மூச்சுவிட்டார். எனக்கும் அது சட்டம் என்றுதான் தோன்றியது. முத்திரை குத்தியவருக்குச் சட்டம் தெரியும். எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மகளோடும் ஆட்டோடும் குட்டியோடும் அருப்புக்கோட்டையில் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்தது. நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் நான் திரும்பும்போது குட்டி, தாயின் வயிற்றை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடுவேன். என் மகன் தூங்கும்போது என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தூங்குகிற பிள்ளை. அவன் இப்போது எதைச் சுற்றிக்கொள்கிறானோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. குட்டி மேயத் தொடங்கியதும் அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்து கொண்டு போனார்கள். பெரியவர்கள் சொன்ன சொல்லை ஒரு ஆட்டுக்குட்டி விஷயத்தில் அணுப்பிசகாமல் நிறைவேற்றினார்கள்.

பரளச்சிப் பக்கம் உள்ளடங்கிய ஊர் அவர்களுடையது. மில் விடுமுறை விடுகிற நாளில் பஸ் ஏறி ரெட்டியபட்டியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். முதல் முறை வீட்டுக்கே போனேன். என் மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"பத்திரத்துல உனக்குப் பையன்னா எழுதியிருக்கு?"

"பாத்துட்டுப் போயிருதேன் அத்தை."

"இன்னைக்குப் பாத்துட்டுப் போறேம்ப. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேம்ப. அவனும் உன்னப் பாத்தா ராத்திரி பூரா அழுவான். யாரு சமாளிக்கிறது? அவன் மறக்கட்டும்."

அவன் மறக்கட்டும் என்று அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அழாமல் இருக்க வேண்டும் என்றால் மறக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். அந்த வைத்தியத்தை என் பிள்ளை மேல் செய்தார்கள்.

அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு மதிய இடைவேளையில் கேட்டுக்கு வெளியே போய் நிற்பேன். டீச்சர் என்னை உள்ளே விட முடியாது என்று சொன்னார். "அவங்க அப்பத்தா பத்திரத்தோட நகலைக் கொண்டுவந்து குடுத்திருக்காங்கம்மா. நான் என்ன செய்ய? கேட்டுக்கிட்ட நின்னு பேசிட்டுப் போங்க, நான் பாக்காத மாதிரி இருந்துக்கிறேன்." அதற்குக்கூட நான் அந்த டீச்சருக்கு நன்றி சொன்னேன். என் பிள்ளையைக் கம்பி வழியாகத் தொட்டுப் பார்க்க விட்டதற்கு நன்றி.

காராச்சேவு வாங்கிக்கொண்டு போவேன். அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சாப்பிடுவான். தலையில் எண்ணெய் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"அக்கா இன்னமும் எனக்கு அக்காதானா?"

"ஏன்யா அப்பிடிக் கேக்குற?"

"அத்துவிட்டாச்சுன்னு அப்பத்தா சொல்லுச்சு."

மணி அடித்துவிட்டது. "அக்காதான்யா, எப்பவும் அக்காதான்" என்று நான் சொன்னது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. என் குரல் எப்போதும் அப்படித்தான், வேண்டிய நேரத்தில் கேட்காது. வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் புத்தகப் பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். "நீங்க சண்டை போட்டீங்க, நீங்க பிரிஞ்சீங்க. நானும் தம்பியும் எப்பம்மா சண்டை போட்டோம்?" என்றாள். இந்தக் கேள்வியைப் பஞ்சாயத்தில் கேட்க ஆளில்லை.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. அவனுக்கு ஏழு வயது ஆனது. ஒருநாள் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே அந்த ஊருக்கு அடுத்த ஊர்ப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அடையாளம் தெரியவில்லை.

"லோடு வண்டிக்காரனுக்குப் பொண்ணு பாத்தாச்சுல்ல?"

"அவனுக்கு ஒரு பையன் கெடக்கானே?"

"பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாகளாம். எங்கிட்டோ தூரத்துல ஆஸ்டல்ல போடப் போறாக."

"பெத்தவ எங்க இருக்காளாம்?"

"அவளா? அவ வாயே தொறக்க மாட்டா. பிள்ளையக் குடுத்துட்டுப் போனவதான."

அப்புறம் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ எங்கிட்டுத்தா போற?" என்று கேட்டாள். "பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். உள்ளே மட்டும் ஒன்று கொதித்தது. நான் கொடுக்கவில்லை. என்னிடமிருந்து எடுத்து அப்பனிடம் கொடுத்தார்கள். அப்பன் வைத்துக்கொள்ளவில்லை என்றால் பிள்ளை என்னிடம் வராதாமா? ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் போவானாமா? ஆஸ்டலுக்கு அனுப்பிவிட்டால் அந்தக் கம்பி கேட்டுகூட எனக்கு இல்லை.

என் மதினிதான், அண்ணன் பெண்டாட்டி, என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கோர்ட் வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள் என்று மகளிர் குழுவில் கேட்டிருக்கிறார். சின்ன அறையில் ஒரு வக்கீலம்மா இருந்தார். என் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினேன்.

"இது என்னம்மா?"

"எங்க டைவர்ஸுங்க."

அவர் படித்தார். சிரிப்பு வந்து, பிறகு நின்றுவிட்டது. "வீட்டை வாடகைக்கு விடுற மாதிரி எழுதியிருக்காங்க. கல்யாணத்தை முறிக்கக் கோர்ட்டாலதான் முடியும்மா. சில சமூகத்துல பரம்பரையா வழக்கம் இருந்தா சட்டம் அதை ஒத்துக்கும். ஆனா அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு கோர்ட்டுல நிரூபிக்கணும். முத்திரை குத்திட்டா ஆயிராது. இன்னைய தேதி வரைக்கும் நீங்க அவரோட மனைவிதான்."

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"அவருக்கு வேற பொண்ணு பாத்திருக்காகளே?" என்று மதினி கேட்டார்.

"இப்பக் கட்டுனா அந்தக் கல்யாணம் செல்லாது. அது குற்றமும்கூட. அந்தப் பொண்ணு வாழ்க்கையும் சேர்ந்து கெட்டுப்போகும்."

"அப்ப பையன்?" இது நான் கேட்டது.

"பிள்ளை விஷயத்துல ஊர் வழக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டிருந்தாலும் கோர்ட்டு அதுக்குக் கட்டுப்படாது. பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாக்கும். அஞ்சு வயசு முடியாத பிள்ளைன்னா சாதாரணமா அம்மாகிட்டதான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. பிரிச்சப்ப பையனுக்கு என்ன வயசு?"

"நாலு."

வக்கீலம்மா பத்திரத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை. சட்டம் மூன்று வருடமும் இந்தக் கட்டடத்தில், எங்கள் தெருவிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்திருக்கிறது. பால் மறக்காத குட்டியைப் பிரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் ஆட்டுக்குச் சொன்னதைத்தான் அது மனிதக் குட்டிக்கும் சொல்லியிருக்கிறது.

இன்னும் பல விஷயங்களைச் சொன்னார். இருவரும் சேர்ந்து சம்மதித்தே விவாகரத்துக்கு மனுப் போடலாம். அதற்கு முன்னால் ஒரு வருடமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகும் யோசிக்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. பிள்ளை யாரிடம் இருப்பது என்பது தனி மனு. பிள்ளை யாரிடம் இருந்தாலும் வளர்ப்புச் செலவில் தகப்பனுக்குப் பங்கு உண்டு. "பாத்தியதை இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தாலும் செல்லாது. அது பிள்ளையோட உரிமை. விட்டுக்குடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றார். ஒவ்வொன்றும் எனக்குப் புதுசு. இதையெல்லாம் எட்டாம் வகுப்புப் பாடத்தில் வைத்திருக்கலாம். மலைகளின் பெயரையும் ஆறுகளின் பெயரையும் மனப்பாடம் செய்த நேரத்தில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

மனுப் போட்டோம். நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போனது. ஊர் கொதித்தது.

எங்கள் ஆட்களுக்குக் கோயில் பொங்கல் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்குவார்கள். வரி கொடுத்தவன்தான் ஊர்க்காரன். டவுனுக்குக் குடிவந்து எத்தனை வருடம் ஆனாலும் என் அண்ணன் அந்த வரியைத் தவறவிட்டதில்லை. அந்த வருடம் கொண்டுபோன வரியை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனவள் வாபஸ் வாங்கினால் வரி வாங்குவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் வந்து வேட்டியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தா, நாளைக்கு ஒரு சாவுன்னா நம்ம வீட்டுக்கு ஒருத்தன் வர மாட்டான். யோசிச்சுப் பாரு."

மதினி அடுப்படியிலிருந்து பேசினார்.

"வரி வேண்டாம்னு சொல்ற சாமிய இப்பத்தான் பாக்குறேன். மிச்சம்னு நினைங்க."

"நீ சும்மா இருடி."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? அன்னைக்குப் பெரியாளுக சொன்னாச் சரின்னு சொன்னது யாரு? அந்தப் பெரியாளுக வீட்டுல ஒரு பிள்ளையாவது இப்பிடிப் பங்கு போட்டுக் குடுத்திருக்காகளா? கேட்டுட்டு வாங்க."

அண்ணன் எழுந்து குளிக்கப் போய்விட்டார். வாபஸ் பேச்சு அதோடு நின்றது. ஆனால் வேறொரு பேச்சு வந்தது. கல்யாணம் இன்னும் முறியவில்லை என்பது தெரிந்ததும் பெண் வீட்டார் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவருக்கு இப்போது என் கையெழுத்து அவசரமாகத் தேவைப்பட்டது. அண்ணன் முகம் தெளிந்துவிட்டது.

"இப்பத்தான் பிடி நம்ம கையில இருக்கு. அவனுக்கு விடுதலை வேணும்னா பையன விடட்டும். இல்லாட்டிக் கையெழுத்துக் கிடையாதுன்னு சொல்லிரு."

என் அண்ணன் மேல் எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. "அண்ணே, திரும்பவும் பஞ்சாயத்தா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் வந்தது. ஆடு கொடுத்துப் பாத்திரம் வாங்குகிற மாதிரி கையெழுத்துக் கொடுத்துப் பிள்ளை வாங்கவா கோர்ட்டுக்குப் போனேன்? வக்கீலம்மாவும் அதையே சொன்னார். விவாகரத்து வேறு, பிள்ளை வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைப் பேரம் பேசாதீர்கள் என்றார். சம்மத விவாகரத்துக்கு நான் கையெழுத்துப் போட்டேன். பையனுக்கான மனு தனியாக நடந்தது.

முதலில் எங்கள் இருவரையும் சமரச அறையில் உட்கார வைத்தார்கள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நானும் அதே மேசையைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வழக்கு முடியும்வரை ஆஸ்டலுக்கு அனுப்பக் கூடாது, சனிக்கிழமை தோறும் கோர்ட் வளாகத்தில் பிள்ளையைத் தாய்க்கும் அக்காளுக்கும் காட்ட வேண்டும் என்று உத்தரவு ஆனது. முதல் சனிக்கிழமை என் மகனும் மகளும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் மகள் கொண்டுபோன பென்சில் பெட்டியை அவன் இழுத்தான். அவள் பிடுங்கினாள். அவன் கடித்தான். "ஐயையோ" என்று அங்கே இருந்த ஆயா ஓடி வந்தார். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. தெரியாதவர்களை யாரும் கடிக்க மாட்டார்கள்.

பல வாய்தாக்களுக்குப் பிறகு விசாரணை வந்தது. நீதிபதி ஒரு பெண். முதலில் பிள்ளைகள் இருவரையும் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அது அவர்களுடையது. அடுத்து பிள்ளைகளின் அப்பாவிடம் கேட்டார்.

"பையன் எத்தனாவது படிக்கிறான்?"

"ரெண்டாவதுங்கம்மா."

"அவன் கிளாஸ் டீச்சர் பேரு?"

"நான் வண்டியில போயிருவேங்கம்மா. எங்க ஆத்தாதான் பாத்துக்கிருது."

ஊர் வழக்கத்தைச் சொல்ல ஒரு பெரியவரைச் சாட்சியாகக் கொண்டுவந்திருந்தார்கள். அன்றைக்கு வேம்படியில் நடு நாற்காலியில் இருந்தவர். வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. பணிவாகத்தான் பேசினார்.

"ஆம்பளைப் பிள்ளை அப்பனுக்கு, பொம்பளைப் பிள்ளை ஆத்தாளுக்கு. எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கமுங்கம்மா."

"ரெண்டும் பையனா இருந்தா?"

"ரெண்டும் அப்பனுக்குங்க."

"ரெண்டும் பொண்ணா இருந்தா?"

"ரெண்டும் ஆத்தாளுக்குங்க."

"ரெண்டும் பையனா இருந்து, ஒண்ணு கைக்குழந்தையா இருந்தா?"

பெரியவர் யோசித்தார். "அப்பிடி இதுவரைக்கும் வரலைங்க" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி என் பக்கம் திரும்பி, "நீங்க எதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு உட்காரலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்த திருப்தியோடு நின்றதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"அன்னைக்கு ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சுங்கம்மா."

"சத்தமாச் சொல்லுங்க."

"ஆட்டுக்குட்டி. அது பால் மறக்கலைன்னு எங்கூட அனுப்புனாக. மேயத் தொடங்குன பெறகு வந்து வாங்கிட்டுப் போனாக. அதப் பத்தி மத்தியானம் வரைக்கும் பேசுனாக. எம் மகன் நாலு வயசுப் பிள்ளை, அவனப் பத்தி யாரும் பேசல. இவுகதான் நடுவுல இருந்தாக. இவுகளையே கேளுங்க."

என் வாயிலிருந்து இத்தனை வார்த்தை ஒன்றாக வந்ததை என் அண்ணனே அன்றைக்குத்தான் கேட்டார். நீதிபதி பெரியவரைப் பார்த்தார்.

"அப்படி நடந்ததா?"

"நடந்ததுங்கம்மா" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "வாயில்லாச் சீவன் பாருங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக என்னிடம் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறையில் பாதியும் தகப்பன் கூட்டிக்கொண்டு போகலாம். செலவில் அவருக்குப் பங்கு உண்டு. உத்தரவுக்கு முன்னால் நீதிபதி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: அவர் பிள்ளைகளைப் பார்ப்பதில் ஆட்சேபணை இருக்கிறதா? என் அண்ணன் பின்னாலிருந்து ஏதோ முணுமுணுத்தார். நான், "பாக்கட்டுங்கம்மா. வீட்டுக்கு வந்தே கூட்டிட்டுப் போகட்டும். கம்பிக்கு வெளிய நின்னு யாரும் பாக்க வேணாம்" என்றேன்.

மகன் வந்தான். முதல் ராத்திரி பையை அவிழ்க்கவில்லை. எப்போது திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். போக வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். சேலைத் தலைப்பை அவன் தேடவில்லை. எட்டு வயதை நெருங்கிய பிள்ளை அதை மறந்துவிட்டிருந்தான். மாமியாரின் வைத்தியம் பலித்திருக்கிறது. அந்த மூன்று வருடத்தைத் திருப்பித் தர எந்தக் கோர்ட்டாலும் முடியாது. வேம்படிப் பெரியவர்களில் ஒருவர்கூட இதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, தப்புத்தான் தாயி என்று சொல்லவில்லை. வரியையும் இன்னும் வாங்கவில்லை. போன மாசி மாதம்கூட அங்கே ஒரு ஜோடியை அத்துவிட்டார்களாம்.

மகன் வந்த பிறகு முதல் சனிக்கிழமை அவன் அப்பா பைக்கில் வந்தார். தெருவில் நின்றபடியே ஆரன் அடித்தார். "உள்ள வாங்க" என்றேன். வாசல்வரை வந்தார். மகன் ஓடிப்போய் வண்டியில் ஏறிவிட்டான். என் மகள் கதவோரம் நின்றாள். எண்ணெய் வைத்துத் தலை சீவி, பொட்டு வைத்து, விசேஷத்துக்குப் போடுகிற சுடிதாரைப் போட்டுக்கொண்டு நின்றாள். யாரும் அவளைக் கிளம்பச் சொல்லவில்லை. அவர் மகனை வண்டியில் சரியாக உட்கார வைத்துவிட்டு, "போயிட்டு வாரோம்" என்று என்னிடம் சொன்னார்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"இவளையுமா?"

அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பஞ்சாயத்து அவரிடமிருந்து ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டது அவருக்கே இன்னும் உறைக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை ஆத்தாளுக்கு என்றார்கள். இவர் சரி என்று போய்விட்டார். மூன்று வருடமாக அவள் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியேகூட வந்து நிற்கவில்லை. என் மகள் ஒருநாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

"ஆமா, இவளையும்தான்" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. "தீர்ப்புல ரெண்டு பிள்ளைன்னுதான் இருக்கு. வக்கீலு வாசிச்சுக் காட்டலையா? இவளுக்கும் நீங்கதான அப்பா?"

அவர் மகளைப் பார்த்தார். "வாரியாத்தா?" என்று கேட்டார்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் தோளைப் பிடிக்கவில்லை, பின்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் இருந்த தம்பி திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து அவன் சட்டையைப் பிடித்தாள். வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்புகிறவரைக்கும் இன்னொரு கை கம்பியில்தான் இருந்தது.